முத்துப்பிள்ளை

குளச்சலில் மாடிமேல் ஸ்கேன் சென்டர்.
ஆணா பெண்ணா என்று சொல்லப்படமாட்டாது என்ற பலகைக்குக் கீழே
மடியில் துணிப்பையோடு உட்கார்ந்திருந்தாள் ஸ்டெனிலா.
பையில் மூன்று பழைய ரிப்போர்ட்,
ஒரு மாற்றுச் சேலை,
வாந்திக்கென்று மூடிபோட்ட டப்பா.

பதினாலு வாரம்.
வயிறு இருபது என்றது.

இரட்டை என்றது முதல் ரிப்போர்ட்.
ஒன்று கரைந்துவிட்டது, பக்கத்தில் ரத்தக்கட்டு,
ஓய்வெடுக்கவும் என்றது இரண்டாவது.
மூன்றாவதில் கட்டியின் நீள அகலம் மட்டும்.
பெயரில்லை.

ஜெல்லின் குளிருக்கு அடிவயிறு ஒருமுறை சுருங்கி நிமிர்ந்தது.

இடப்பக்கம் பிள்ளை.
விரலை விரித்தது, மடக்கியது.
நிமிஷத்துக்கு நூற்றைம்பத்தெட்டுத் துடிப்பு.
தனக்கென்று ஒரு பை, தனக்கென்று ஒரு நஞ்சுக்கொடி,
யாரிடமும் கடன் வாங்காத ஆள்போல
அதுபாட்டுக்கு நீந்திக்கொண்டிருந்தது.

வலப்பக்கம் வந்ததும் என் கை மெதுவானது.

ரத்தக்கட்டு என்றால் மூன்று வாரத்தில் நிறம் மாறியிருக்கும்,
கரையும், ஓரம் சுருங்கும்,
உள்ளே ஓட்டம் இருக்காது.
இது வளர்ந்திருந்தது.
டாப்ளரைப் போட்டதும்
விளிம்பில் சிவப்பும் நீலமும் மினுங்கின.
உள்ளே குமிழி குமிழியாய், எண்ண முடியாமல்.

பனிப்புயல் என்கிறது பாடப்புத்தகம்.
இந்தக் கரையில் பனி என்றால்
மாதாவின் பெயர் மட்டும்தான்.
ஸ்டெனிலா தலையைத் திருப்பித் திரையைப் பார்த்தாள்.
'சாளைச் சினை போல இரிக்கே டாக்டர்.'

ஆமாம். அப்படித்தான் இருந்தது.

இரண்டு சினைப்பையும் நுங்குபோலக் கண்கண்ணாய் வீங்கியிருந்தன.
நேற்று எடுத்த ரத்தத்தில்
பீட்டா ஐந்து லட்சத்தைத் தாண்டியிருந்தது.
இதற்கு நம் மொழியில் முத்துப்பிள்ளை என்று பேர்.
யார் வைத்தார்களோ.
வாய்விட்டுச் சொன்னால் கொஞ்சுவதுபோலக் கேட்கும்,
அதனால் சொல்லவில்லை.

இன்னொன்றும் சொல்லவில்லை.
இதில் தாயின் இழை ஒன்றுகூட இல்லை.
வெறும் முட்டைக்குள் அப்பன் மட்டும் புகுந்து,
அப்பன் மட்டுமே இரட்டித்து வளர்ந்தது.
பெர்க்மான்ஸ் விசைப்படகில் போய்ப் பதினோரு நாள்.
போன் எட்டாத தூரம்.

கூட வந்த நாத்தனார் ஷோபி கேட்டாள்:
'வலையில பேத்தை கெடந்தா
அத மட்டும் உதறிட்டு மீன எடுக்கமாட்டமா?
அதுபோல இத மட்டும்?'
முடியாதும்மா என்றேன். ஒரே அறை.
ஒன்றைத் தொட்டால் மற்றதும் வரும்.

பிறகு கணக்கைச் சொன்னேன்.
வைத்துக்கொண்டால்
பாதிப்பேருக்குக்கூடப் பிள்ளை கைக்கு வருவதில்லை.
பிரஷர் ஏறும். ரத்தம் திறந்துகொண்டால் நிறுத்துவது பாடு.
எல்லாம் முடிந்த பிறகும்
மிச்சம் ஒரு துளி கருப்பைச் சுவரில் வேர் பிடிக்கலாம்,
மாதாமாதம் ரத்தம் பார்க்கவேண்டும்.
முடிவு இன்றைக்கே வேண்டாம். முடிவு என்னுடையதும் அல்ல.
வேறுமாதிரி நஞ்சுக்கோளாறும் இப்படித் தோன்றும்,
ஆசாரிப்பள்ளத்தில் பெரிய டாக்டர்கள் இன்னொருமுறை பார்க்கட்டும்.

சுவர் பக்கம் பார்த்தபடி எல்லாவற்றையும் கேட்டாள்.
'ஒண்ணு உயிரோட இரிக்கில்லா?'
'இருக்கு.'
'அப்பம் அத மொதல்ல எழுதுங்க.'

டைப்பிஸ்ட் விசைப்பலகையில் கைவைத்துக் காத்திருந்தாள்.
கரு எத்தனைன்னு போட, மேடம்?

இரு, என்றேன்.
பொறு என்ற பொருளில்தான் சொன்னேன்.

ஸ்டெனிலா எழுந்த இடத்தில்
விரிப்பின்மேல் ஐந்து ரூபாய் அளவுக்கு ஒரு வட்டம்.
பழைய ரத்தம் பழுப்பாய் இருக்கும்.
இது பழுப்பில்லை.
பஸ் வேண்டாம் என்று நூற்றெட்டைக் கூப்பிட்டேன்.
ரிப்போர்ட்டைப் பாதி ஈரத்தோடு உருவி
ஷோபியின் கையில் திணித்தேன்.

திங்கள்சந்தை தாண்டுகையில்
சைரனுக்குள்ளிருந்து ஷோபியின் குரல்:

'டாக்டர், அண்ணன் லைன்ல கெடச்சிட்டான்.
ரெண்டும் சொகமாண்ணு கேக்கான்.'